நேசமணியின் தலையும் லங்காஷயர் தறியும்

2019 மே மாதக் கடைசி. மத்தியில் புதிய அரசு பதவியேற்கும் நேரம். அன்று ட்விட்டரில் முன்னுக்கு வந்து நின்ற செய்தி ஒரு பெயிண்டிங் கான்ட்ராக்டரின் உடல்நிலை. பாகிஸ்தானைச் சேர்ந்த கட்டடப் பொறியியல் முகநூல் பக்கம் ஒன்று சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டிருந்தது. பதில் எழுதிய தமிழர் ஒருவர் பெயரைச் சொன்னதோடு நிற்கவில்லை. ஜமீன் மாளிகையில் கான்ட்ராக்டர் நேசமணியின் தலையைப் பதம் பார்த்தது இதுதான் என்றும் சேர்த்துவிட்டார். அவர் இப்போது எப்படி இருக்கிறார் என்று அடுத்தவர் விசாரிக்க, ஊர் உலகமெல்லாம் நேசமணிக்காகப் பிரார்த்தனை செய்ய ஆரம்பித்தது. நேசமணி என்பது 2001-ல் வந்த ‘ஃப்ரெண்ட்ஸ்’ படத்தில் வடிவேலு போட்ட வேஷம் என்று தெரியாமலேயே பிரார்த்தித்தவர்களும் உண்டு.

கொஞ்சம் நிதானித்துப் பார்த்தால் அந்தக் காட்சி ஒரு பணியிட விபத்து. மேலே வேலை பார்க்கிறவன் கையிலிருந்து சுத்தியல் நழுவுகிறது. கீழே நிற்கிறவர் தலையில் ஹெல்மெட் இல்லை. அத்தனை பேர் பிரார்த்தித்தார்கள், ஹெல்மெட் எங்கே என்று கேட்டவர்கள் குறைவு. சிரித்ததில் தப்பொன்றும் இல்லை. தமிழ்த் திரையில் வந்த வேலைத்தள நகைச்சுவையில் அதற்கு இணையாக இன்னொன்றைச் சொல்வது கஷ்டம். ஆட்களை அதட்டுகிற, பங்களாக்காரர் வந்தால் பம்முகிற கான்ட்ராக்டர் தன் ஆட்களின் கையாலேயே அடிமேல் அடி வாங்குகிறார். நேருக்கு நேர் எதிர்த்துப் பேச முடியாதவர்கள் தெரியாத்தனத்தாலேயே பழி தீர்த்துக்கொள்கிறார்கள். அந்தச் சிரிப்பின் சூட்சுமம் இதுதான்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்டு முடிந்து வருகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கேட்டில் எழுதியிருப்பது ஒரு கம்பெனியின் பெயர், சம்பளம் கொடுப்பது வேறொருவர். அடையாள அட்டையில் கான்ட்ராக்டரின் பெயர் இருக்கும். நாளைக்கு வர வேண்டாம் என்று சொல்வதும் அவர்தான். அடிபட்டால் யாரைப் போய்க் கேட்பது என்பதற்கு மட்டும் இரண்டு பேரும் அடுத்தவரைக் கை காட்டுவார்கள். ஒப்பந்தத் தொழிலாளர் முறையை ஒழுங்குபடுத்தவும் ஒழிக்கவும் 1970-லேயே சட்டம் வந்துவிட்டது. ஒழிப்பு என்ற சொல் அந்தச் சட்டத்தின் பெயரோடு நின்றுவிட்டது.

இதே மூலப்பொருளை வைத்து இங்கிலாந்தில் கென் லோச் 1991-ல் எடுத்த படம் ‘ரிஃப்-ராஃப்’. லண்டனில் மூடப்பட்ட ஆஸ்பத்திரி ஒன்றைப் பணக்காரர்களுக்கான அடுக்குமாடிக் குடியிருப்பாக மாற்றும் வேலை நடக்கிறது. ஆட்கள் நாட்டின் பல மூலைகளிலிருந்து வந்தவர்கள், பாதிப் பேர் பொய்ப் பெயரில் வேலை செய்கிறவர்கள். அதில் ஒரு காட்சி. லாரி என்ற தொழிலாளி, வாடிக்கையாளருக்குக் காட்டுவதற்காகத் தயார் செய்து வைத்த வீட்டின் குளியலறையில் ஆசை தீரக் குளித்துக்கொண்டிருக்கிறார். அந்த நேரம் பார்த்து வீடு பார்க்க வந்த பெண்கள் உள்ளே நுழைந்துவிடுகிறார்கள். தியேட்டர் அதிரும் காட்சி. அதே லாரிதான் சாரம் சரியில்லை, பாதுகாப்பு போதாது என்று கேட்டு வேலையை இழக்கிறார். கடைசியில் அந்தச் சாரத்திலிருந்துதான் ஓர் இளைஞன் விழுகிறான். அதுவரை சிரித்தவர்களுக்குத் தொண்டையில் ஏதோ அடைக்கும்.

அந்தப் படத்தை எழுதிய பில் ஜெஸ்ஸி கட்டட வேலை பார்த்தவர். லாரியாக நடித்த ரிக்கி டாம்லின்சன் அசல் பூச்சு வேலைக்காரர். 1972-ல் இங்கிலாந்தில் நடந்த கட்டடத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் மறியல் செய்ததற்காக அடுத்த ஆண்டில் இரண்டு ஆண்டு சிறைத்தண்டனை பெற்றவர். பிறகுதான் நடிகரானார். அந்தத் தண்டனை தப்பு என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது 2021-ல். கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு. தன் ஆயுளில் பாதிக்கு மேல் ‘குற்றவாளி’யாக இருந்தவர் நாட்டையே சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார்.

நம் பக்கமும் வேலை பார்த்துப் பழகிய கைகளுக்குக் குறைவில்லை. வடிவேலு மதுரையில் படங்களுக்குக் கண்ணாடி போட்டுக் கொடுக்கும் வேலை பார்த்தவர். நாகேஷ் ரயில்வே குமாஸ்தா. ஆனால் அவர்கள் நடித்த படங்களில் தொழிலாளி சிரிக்க வைப்பான், கதை வேறு எங்கோ ஓடும். கதாநாயகனின் காதல், குடும்பப் பகை, ஜமீன் சொத்து ஆகியவற்றுக்கு நடுவே ஆளுக்கொரு பத்து நிமிடம் காமெடி டிராக். அதைத் தனியாக எழுத ஓர் ஆள், தனியாக எடுக்கச் சில நாட்கள். கவுண்டமணி-செந்திலின் வாழைப்பழக் காமெடியை ஊரே மனப்பாடமாகச் சொல்லும். அதை எழுதியவர் ஏ.வீரப்பன் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? டிராக்கின் விதி அப்படி. அந்த டிராக்கில் தொழிலாளியின் முகம் இருக்கும், மொழி இருக்கும், அடி வாங்கும் உடம்பு இருக்கும். கூலி, ஷிப்டு, கதவடைப்பு, சங்கம் இருக்காது. தொழிலாளியைக் காட்டிச் சிரிக்க வைப்பதில் தமிழ் சினிமாவை மிஞ்ச ஆளில்லை. தொழிலையே கதையாக்கிச் சிரிக்க வைப்பதில்தான் அது கணக்குக் காட்டவே இல்லை.

பொதட்டூர்பேட்டையிலிருந்து பார்த்தால் இந்தக் குறை இன்னும் பளிச்சென்று தெரியும். திருத்தணிக்கு அப்பால், ஆந்திர எல்லையை ஒட்டிய பள்ளிப்பட்டு வட்டத்தில் தறியை நம்பி இருக்கும் ஊர் அது. அம்மையார்குப்பம், அத்திமாஞ்சேரிப்பேட்டை என்று சுற்றுவட்டாரத்திலும் அதே தொழில். பாவும் நூலும் முதலாளி கொடுப்பார், நெய்கிறவருக்குக் கூலி. கூலி உயர்வு கேட்டுத் தறியை நிறுத்துவதும், பேச்சுவார்த்தையில் ஒத்துக்கொண்ட கூலி கைக்கு வந்து சேர்வதற்குள் அடுத்த பேச்சுவார்த்தைக்கு நாள் வந்துவிடுவதும் விசைத்தறி ஊர்களுக்கெல்லாம் பழக்கமான கதை. வீட்டுக்குள்ளேயே தறி இருப்பதால் வேலை நேரம், குடும்ப நேரம் என்ற பிரிவெல்லாம் கிடையாது. பாட்டி தார் சுற்றுவார், பிள்ளை பக்கத்தில் பரீட்சைக்குப் படிப்பான், இரண்டுக்கும் மேலே தறி ‘தடக் தடக்’ என்று போட்டுக்கொண்டிருக்கும். கல்யாணப் பேச்சிலிருந்து கடன் பாக்கி வரை எல்லாவற்றையும் அந்தச் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் பேச வேண்டும். ரகசியமே வைத்துக்கொள்ள முடியாத வீடு. நகைச்சுவை எழுத உட்காருகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

தமிழில் நெசவாளர் என்றதும் நினைவுக்கு வரும் படம் பிரியதர்ஷன் இயக்கி பிரகாஷ்ராஜ் நடித்த ‘காஞ்சிவரம்’. நல்ல படம், தேசிய விருது வாங்கிய படம், நெஞ்சைப் பிழியும் படம். நெசவாளி நம் திரையில் ஏறினால் அழ வேண்டும் என்பது எழுதாத சட்டம் போலிருக்கிறது.

இங்கிலாந்தில் 1951-லேயே நெசவாலையை வைத்து ஒரு நகைச்சுவைப் படம் எடுத்தார்கள். ஈலிங் ஸ்டுடியோ தயாரித்து அலெக்சாண்டர் மெக்கன்ட்ரிக் இயக்கிய ‘தி மேன் இன் தி ஒயிட் சூட்’. அலெக் கின்னஸ் நடித்த சிட்னி ஸ்ட்ராட்டன் ஒரு கிறுக்கு விஞ்ஞானி. வடக்கு இங்கிலாந்தின் மில்களில் கிடைத்த வேலையில் நுழைந்து, அங்கிருக்கும் ஆய்வுக்கூடத்தில் யாருக்கும் தெரியாமல் தன் சோதனையை ஓட்டுகிறவன். ஒருநாள் ஒரு நூலைக் கண்டுபிடித்துவிடுகிறான். அந்த நூலில் நெய்த துணி கிழியாது, அழுக்கும் ஒட்டாது. சாயம்கூட ஏறாது என்பதால் கோட்டு சூட்டு வெள்ளை வெளேரென்று இருக்கிறது, இருட்டிலும் மினுங்குகிறது. கத்தரிக்கோல் நுழையாமல் தீ கக்கும் டார்ச்சை வைத்துத் துணியை வெட்டுகிறார்கள்.

உலகத்துக்கே நல்லது செய்துவிட்டதாக அவன் குதிக்கிறான். மில் முதலாளிகளுக்கு வயிற்றைக் கலக்குகிறது. கிழியாத துணியை ஒருவன் ஒருமுறைதான் வாங்குவான். தொழிலாளர்களுக்கும் அதே கலக்கம், ஒருமுறை நெய்து முடித்தால் பிறகு நெய்ய என்ன இருக்கிறது? அதுவரை முறைத்துக்கொண்டிருந்த முதலாளியும் சங்கமும் ஒன்று சேர்ந்து அவனைத் தெருத்தெருவாகத் துரத்துகிறார்கள். ஓடுகிற வழியில் அவனை மறித்து நிற்பது வீட்டுக்காரக் கிழவி. நாலு வீட்டுத் துணி துவைத்துப் பிழைக்கும் தன் கதி என்னாகும் என்று அவள் கேட்கிறாள். படத்தில் சிட்னி வாயடைத்து நிற்கும் இடம் அதுதான். முதலாளிகளுக்குப் பதில் வைத்திருந்தவனிடம் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. கடைசியில் துணியின் ரசாயனம் நிலைக்காமல் சூட்டு பிய்ந்து பிய்ந்து கையோடு வருகிறது. துரத்தி வந்தவர்கள் எல்லோரும் சிரிக்கிறார்கள்.

இதை அப்படியே பொதட்டூர்பேட்டையில் கொண்டுவந்து வைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் பொங்கலுக்கு இலவச வேட்டி, சேலை கொடுக்கும் திட்டம் 1983-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொடங்கியது. ஏழைக்கு உடை என்பது அதன் ஒரு பக்கம், தறிக்கு வேலை என்பது மறுபக்கம். கிழியாத வேட்டியை எவனாவது கண்டுபிடித்துவிட்டால் ஒரே பொங்கலோடு திட்டம் முடிந்துபோகும். கைத்தறி அதிகாரி முதல் நூல் கடைக்காரர் வரை அத்தனை பேரும் கண்டுபிடித்தவன் வீட்டு வாசலில் நிற்பார்கள். கைத்தறிக்கும் விசைத்தறிக்கும் நடுவில் உள்ள பழைய வழக்கும் இதே ரகம்தான். கைத்தறியைக் காப்பாற்ற 1985-ல் மத்திய அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. இன்னின்ன ரகங்களைக் கைத்தறியில் மட்டுமே நெய்யலாம் என்று 22 ரகங்களை ஒதுக்கியது. பிறகு அது 11 ஆகச் சுருங்கியது. ஒரே குடும்பத்தில் அண்ணன் கைத்தறி, தம்பி விசைத்தறி என்றிருந்தால் சாப்பாட்டுப் பந்தியில் நடக்கும் பேச்சைக் கற்பனை செய்ய பெரிய எழுத்தாளன் தேவையில்லை. மாநில அரசு விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் வரை மின்சாரத்தை இலவசமாகக் கொடுக்கிறது. மின்வெட்டு வந்தால் அந்த இலவசத்தை என்ன செய்வது என்ற கேள்வியும் திரைக்கதைக்கு ஆகும்.

வடக்கு இங்கிலாந்தின் நெசவு வட்டாரமான லங்காஷயர் நமக்கு அந்நியமும் இல்லை. நம் சந்தையை நம்பி வளர்ந்த ஊர்கள் அவை. 1931 செப்டம்பரில் வட்டமேசை மாநாட்டுக்காக லண்டன் போன காந்தி, அந்நியத் துணி பகிஷ்காரத்தால் வேலை இழந்த மில் தொழிலாளர்களை நேரில் பார்க்க லங்காஷயரின் டார்வனுக்குப் போனார். அடிப்பார்களோ என்று பயந்த இடத்தில் மில் பெண்கள் அவரைச் சூழ்ந்து நின்று ஆரவாரம் செய்தார்கள். அந்தப் புகைப்படம் உலகப் பிரசித்தம். மூன்று வருடம் கழித்து, 1934-ல் ‘சிங் ஆஸ் வி கோ’ என்ற படம் வந்தது. கதை ஜே.பி.பிரீஸ்ட்லி, நாயகி கிரேசி ஃபீல்ட்ஸ். லங்காஷயரில் பருத்தி மில் மூடப்பட, அங்கே வேலை பார்த்த பெண் பிழைப்புத் தேடி பிளாக்பூல் கடற்கரைக்குப் போய் அடிக்கும் கூத்துதான் படம். முடிவில் செயற்கைப் பட்டு புண்ணியத்தில் மில் திறக்கிறது, அவள் தலைமையில் எல்லோரும் பாடிக்கொண்டே உள்ளே போகிறார்கள். அசட்டு முடிவு, சந்தேகமில்லை. ஆனால் மில் மூடுவதில் கதை தொடங்கலாம், அதுவும் சிரிப்புப் படத்தில் தொடங்கலாம் என்ற வழக்கம் அங்கே அப்போதே வந்துவிட்டது.

அதற்குக் காரணம் சென்சார் என்றால் நம்பத்தான் வேண்டும். வேலையில்லாத் திண்டாட்டத்தை நேரடியாகப் பேசிய ‘லவ் ஆன் தி டோல்’ நாவலைப் படமாக்க 1936-ல் கேட்டபோது பிரிட்டிஷ் தணிக்கை வாரியம் முடியாது என்று கையை விரித்தது. 1941-ல்தான் அந்தப் படம் வந்தது. சீரியஸாகப் பேச அனுமதி இல்லாத இடத்தில் கோமாளி வேஷத்தில் புகுந்து பேசுவது நமக்கும் தெரிந்த வித்தை. கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் அதில் கரை கண்டவர். 1949-ல் அண்ணா எழுதிய ‘நல்லதம்பி’ படத்தில் நந்தனார் கதையை ‘கிந்தனார்’ ஆக்கினார். சிதம்பரம் போய்ச் சாமி பார்க்க ஏங்கிய நந்தன் இருந்த இடத்தில், ரயிலேறிப் பட்டணம் போய்ப் படித்து அதிகாரியாகத் திரும்பும் கிந்தன். தீண்டாமையைத் திட்டி ஒரு மணி நேரம் மேடையில் பேசியிருந்தாலும் அத்தனை பேர் காதில் ஏறியிருக்காது. கலைவாணர் செய்ததும் ஒருவகையில் டிராக்தான், ஆனால் படத்தின் மற்ற பகுதி மறந்துபோய் டிராக் நிலைத்துவிட்டது.

கலைவாணருக்குப் பிறகு அந்தக் கை என்ன ஆயிற்று? 1964-ல் ‘சர்வர் சுந்தரம்’ வந்தது. ஓட்டல் சர்வரை நாயகனாக்கியதே பெரிய தைரியம். நாகேஷ் தட்டுகளை அடுக்கிக்கொண்டு வரும் அழகில் அந்தத் தொழிலின் நுணுக்கம் முழுக்கத் தெரியும். ஆனால் படம் பாதியில் ஓட்டலை விட்டு சினிமா நட்சத்திரத்தின் சோகத்துக்குள் போய்விடுகிறது. சர்வர் சர்வராகவே இருந்து ஜெயிக்க முடியாது, நடிகனாகித்தான் ஜெயிக்க வேண்டும்.

1992-ல் வந்த ‘மன்னன்’ இன்னும் விசேஷமான கேஸ். தொழிற்சாலைதான் களம், ரஜினிகாந்த் சங்கத் தலைவர், கவுண்டமணி கூட்டாளி. வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு இருவரும் சினிமாவுக்குப் போய் மாட்டிக்கொள்ளும் காட்சி, பத்து மணி நேரம் மெஷின் முன்னால் நின்றவனுக்கு மட்டும் முழுசாகப் புரியும் சந்தோஷம். அதோடு நின்றிருக்கலாம். தொழில் தகராறு அங்கிருந்து கல்யாணத் தகராறாக மாறுகிறது. முதலாளியம்மா விஜயசாந்தி சங்கத் தலைவரை அடக்கக் கல்யாணம் செய்துகொள்கிறார், கடைசியில் அவரே அடங்கி இல்லத்தரசி ஆகிறார். கூலிப் பிரச்சினை சமையலறையில் தீர்ந்தது.

அதன் பக்கத்தில் ‘மேட் இன் டாகன்ஹாம்’ (2010) படத்தை வைத்துப் பார்க்கலாம். 1968 ஜூனில் டாகன்ஹாம் ஃபோர்டு ஆலையில் கார் சீட்டு உறை தைக்கும் பெண்கள் 187 பேர் தையல் மெஷினை நிறுத்தினார்கள். அவர்கள் வேலையைத் திறன் குறைந்த வேலை என்று நிர்வாகம் தரம் பிரித்திருந்தது. சீட்டு உறை இல்லாமல் கார் எப்படி வெளியே போகும்? சில வாரங்களில் ஆலையே நின்றது. அமைச்சர் பார்பரா காசில் தலையிட்டார். 1970-ல் சம ஊதியச் சட்டம் வந்தது. இத்தனையையும் அந்தப் படம் கேலியும் கிண்டலுமாகத்தான் சொல்கிறது. சுருண்டு பாதி மறைந்துபோன பதாகை வேறெதையோ கேட்பதுபோல் நிற்கும் வேடிக்கைகூட உண்டு. அவர்கள் கேட்ட முதல் கோரிக்கை, அதாவது திறன்மிக்க தொழிலாளர் என்ற தரம், சட்டத்தால் கிடைத்துவிடவில்லை. 1984-ல் இன்னொரு முறை வேலைநிறுத்தம் செய்துதான் அதை வாங்கினார்கள்.

இந்த இடத்தில் ஒரு கணக்கைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வேலைநிறுத்தம் 1968, சட்டம் 1970, படம் 2010. படம் வந்து சட்டம் வரவில்லை. சிரிப்புப் படம் சமூகத்தை மாற்றியது என்று கைதட்டுகிற கட்டுரைகள் இந்த வருடங்களை வரிசைப்படுத்திப் பார்ப்பதில்லை. ‘பிராஸ்ட் ஆஃப்’ (1996) படத்தின் சுரங்க ஊருக்கு மூலமான கிரைம்தார்ப்பில் சுரங்கம் 1993-லேயே மூடிவிட்டது. ‘தி ஃபுல் மான்டி’ (1997) வருவதற்கு வெகு முன்பே ஷெஃபீல்டின் உருக்காலைகள் ஆட்களை வெளியே தள்ளிவிட்டன. தோற்ற பிறகு எடுத்த படங்கள் இவை.

தோற்ற பிறகு எடுத்த படத்தால் என்ன பயன் என்றால், ‘ஃபுல் மான்டி’யில் வேலையில்லாதோர் உதவித்தொகை வாங்க நிற்கும் வரிசையைச் சொல்ல வேண்டும். பணம் சம்பாதிக்க வேறு வழி தெரியாமல் மேடையில் ஆடை அவிழ்க்கும் ஆட்டத்துக்குப் பழகிக்கொண்டிருக்கும் முன்னாள் உருக்காலைத் தொழிலாளிகள் அந்த வரிசையில் நிற்கிறார்கள். வானொலியில் அவர்கள் பழகிய பாட்டு வருகிறது. ஒருவனுக்குத் தோள் லேசாக அசைகிறது. அடுத்தவனுக்கு இடுப்பு. முகத்தில் மட்டும் எந்த மாற்றமும் இல்லை. கவுன்டரில் இருப்பவர்களுக்குத் தெரியாமல் வரிசைக்குள்ளேயே ஓர் ஆட்டம் நடந்து முடிகிறது. வேலை போனதால் வீட்டிலும் ஊரிலும் கூனிப்போன ஆண்கள் அவர்கள். உடம்பில் மிச்சமிருக்கும் திமிரை அந்த ஒரு நிமிடத்தில் படம் காட்டிவிடுகிறது. சுமார் 35 லட்சம் டாலரில் முடிந்த சின்னப் படம், உலகம் முழுக்க 25 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. வேலையிழந்தவன் பரிதாபத்துக்குரியவன் என்ற பார்வை மாறியதில் இந்தக் காட்சிக்குப் பங்குண்டு.

நம் பக்கம் ஆலை மூடவில்லையா? 1918-ல் பி.பி.வாடியாவும் திரு.வி.க.வும் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கியது பெரம்பூர் பின்னி மில் தொழிலாளர்களுக்காக. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் அது. 1921 வேலைநிறுத்தம் துப்பாக்கிச்சூடு வரை போனது. அந்த பக்கிங்காம் கர்னாடிக் மில் 1996-ல் மூடப்பட்டது, அதாவது ‘பிராஸ்ட் ஆஃப்’ வந்த அதே வருடம். அதன் பிறகு அந்த மில்லின் காலி ஷெட்டுகள் தமிழ் சினிமாவுக்கு நன்றாகவே பழக்கமாயின. வில்லனின் கூடாரம், கிளைமாக்ஸ் சண்டை, பாட்டுக்கு செட்டு என்று எத்தனையோ படங்கள் அங்கே எடுக்கப்பட்டன. மில்லுக்குள் கேமரா போனது, மில்லின் கதைக்குள் போகவில்லை. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1 அன்று மூடியபோதும் இதேதான். கிராமங்களிலிருந்து பஸ்ஸில் வந்து போன பெண்கள் எத்தனை ஆயிரம் பேர். அவர்களின் ஹாஸ்டல் வாழ்க்கையையும், முதல் சம்பளத்தில் வாங்கிய மொபைலையும், வேலை போன மறுமாதம் வீட்டில் வந்த கல்யாணப் பேச்சையும் சிரிப்பும் அழுகையுமாகச் சொல்லும் ஒரு படத்தை யாரும் எழுதவில்லை.

எல்லாத் தொழிலாளர் நகைச்சுவையும் தொழிலாளிக்கு நல்லதே செய்யும் என்று நம்புவதும் அப்பாவித்தனம். 1959-ல் வந்த ‘ஐ’ம் ஆல் ரைட் ஜாக்’ படத்தில் பீட்டர் செல்லர்ஸ் நடித்த சங்கத் தலைவர் ஃபிரெட் கைட், சோவியத் ரஷ்யாவைக் கனவு கண்டுகொண்டு எதற்கெடுத்தாலும் வேலையை நிறுத்தச் சொல்கிறவர். அந்தப் படம் முதலாளிகளையும் திருடர்களாகத்தான் காட்டுகிறது, ஆனால் ஜனங்களின் மனதில் தங்கியது கைட்டின் மீசை. சங்கம் என்றாலே சோம்பேறிகளின் கூடாரம் என்ற பேச்சுக்கு அது ஒரு முகம் கொடுத்துவிட்டது. 1971-ல் ‘கேரி ஆன்’ வரிசைப் படங்களில் ஒன்று, கழிப்பறைப் பீங்கான் செய்யும் ஆலையின் சங்கத்தை அதே பாணியில் கிண்டலடித்தது. அந்த வரிசைக்கு எப்போதும் டிக்கெட் வாங்கிய உழைக்கும் ஜனம் இந்த முறை வரவில்லை, படம் விழுந்தது. சிரிப்பு எந்தப் பக்கம் நின்று வருகிறது என்று பார்க்கிறவனுக்கு நன்றாகவே தெரியும். கவுண்டமணியின் அடியை ரசித்த அதே ரசிகன், நிறத்தையும் ஊனத்தையும் வைத்து வரும் சிரிப்புக்கு இப்போது முகம் சுளிக்கிறான் என்றால் அதற்கும் காரணம் இதுதான்.

சமீபத்தில் காற்று கொஞ்சம் மாறியிருக்கிறது. மடோன் அஸ்வின் இயக்கி யோகி பாபு நடித்த ‘மண்டேலா’, சட்டமன்றத் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்னால், 2021 ஏப்ரல் 4 அன்று விஜய் டிவியில் நேரடியாக வந்தது. ஊரில் முடிவெட்டும் ஒரே ஆள். இரண்டு சாதிக் கட்சிகள் சமபலத்தில் நிற்க, அவன் ஓட்டு ஒன்றுதான் மீதி. அதுவரை பெயர்கூட இல்லாதவனை ஊரே தூக்கி வைத்துக் கொண்டாடுகிறது. இங்கே காமெடியன் டிராக்கில் இல்லை, அவனேதான் படம். சிரிப்பு வருவது அவன் தோற்றத்திலிருந்து இல்லை, ஊரின் அற்பத்தனத்திலிருந்து வருகிறது. தேசிய விருதும் கிடைத்தது. 2025 ஜனவரியில் வந்த ‘குடும்பஸ்தன்’ வேலை போன இளைஞன் அதை வீட்டில் சொல்லாமல் கடன் மேல் கடன் வாங்கிச் சமாளிக்கும் கதை. தியேட்டரில் நன்றாக ஓடியது. அதை எடுத்தவர்கள் கோவை வட்டாரத்தில் ‘நக்கலைட்ஸ்’ யூடியூப் சேனல் நடத்தி, கொங்குப் பேச்சில் வீட்டுச் சண்டையைச் சின்னச் சின்னப் படமாக எடுத்துக் கை பழகியவர்கள்.

அரசியலும் கதைக்குப் பஞ்சம் வைப்பதில்லை. 2023 ஏப்ரல் 21 அன்று, ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வேலை வாங்க வழி செய்யும் தொழிற்சாலைச் சட்டத்திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்ப, வாபஸ் என்ற அறிவிப்பு வந்தது மே 1 அன்று. உழைப்பாளர் தினத்தில் வேலை நேரத்தைத் திருப்பிக் கொடுத்த அரசை வைத்து ஈலிங் ஸ்டுடியோ இரண்டு படம் எடுத்திருக்கும். அடுத்த வருடம் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் நடந்தது. அதில் முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று, தங்கள் சங்கத்தைப் பதிவு செய்து அங்கீகரிக்க வேண்டும் என்பது. நூறு வருடம் முன்பு பெரம்பூரில் தொடங்கிய வழக்கு பூந்தமல்லியைத் தாண்டி இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

நக்கலைட்ஸ் மாதிரி ஒரு குழு திருவள்ளூர் மாவட்டத்தில் கிளம்பினால் அதற்குக் கோவைக்காரர்களுக்குக் கிடைக்காத ஒரு வசதி உண்டு. பொதட்டூர்பேட்டைப் பக்கம் தமிழ் பேசிக்கொண்டே தெலுங்குக்குத் தாவி, கோபம் வந்தால் திரும்பத் தமிழுக்கு வருவார்கள். கும்மிடிப்பூண்டியில் ஒரே ஷிப்டில் தமிழ், தெலுங்கு, இந்தி, ஒடியா நாலும் பேசுகிற ஆட்கள், நாலும் அரைகுறையாகப் பேசுகிற சூப்பர்வைசர், எதுவும் தெரியாத வெளிநாட்டு மேலாளர். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஈழத்து அகதிகள் முகாம். அந்தத் தமிழ் இன்னொரு தினுசு. பாதுகாப்பு விதிகளை இத்தனை பேருக்கும் விளக்க ஒருவர் நாற்காலி மேல் ஏறி நிற்கும் காட்சி ஒன்று போதும், படத்தின் முதல் பத்து நிமிடம் தயார். ஷெஃபீல்டில் வேலை இழந்த அந்த ஆறு பேருக்கும் ஆங்கிலம் ஒன்றுதான் தெரியும்.